ஏழு மாதம், ஒரு லாங் சைஸ் நோட்டு

திருப்பூரில் மெர்ச்சன்டைசராக, அதாவது வெளிநாட்டுக் கம்பெனிகள் கொடுக்கும் துணி ஆர்டரை சாம்பிளில் இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் ஓட்டுகிறவராக, எனக்கு அப்போது ஒன்பது வருட அனுபவம். 2022 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் டிபார்ட்மென்டில் ஆறு பேரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆறு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்து ஒரு கம்பெனியின் பஞ்சிங் மிஷினில் விரல் வைத்தது 2023 ஜூனில்தான். நடுவில் ஏழு மாதம்.

அந்த வருடம் ஊரே அடிபட்டுக் கிடந்தது. மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. நூல் விலை உயர்வைக் கண்டித்து மே 16, 17 இரண்டு நாளும் கம்பெனிகள் ஸ்ட்ரைக் செய்தன. அப்புறம் பஞ்சு விலை இறங்கியது, ஆனால் ஆர்டர் திரும்பி வரவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு விலைவாசி ஏறி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜனங்கள் துணிமணி வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். கடைகளில் பழைய சரக்கே தேங்கிக் கிடந்ததால் பையர்கள், அதாவது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகள், புது ஆர்டரைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். ஆர்டர் இல்லாத இடத்தில் மெர்ச்சன்டைசருக்கு வேலை இல்லை. இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என்னைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றே மனசு நினைத்தது.

முதல் மூன்று வாரம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. நௌக்ரி, லிங்க்டுஇன் இரண்டிலும் பெயரைப் பதிந்துவிட்டு, பழைய ரெஸ்யூமை அப்படியே எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். ராத்திரி மகள் தூங்கிய பிறகு பன்னிரண்டு, ஒரு மணி வரைக்கும் அதே வேலை. காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. எத்தனை கம்பெனிக்கு அனுப்பினேன், எதற்கு அனுப்பினேன் என்று எழுதி வைக்கவும் இல்லை. ஒருநாள் ஒரு கன்சல்டன்சியில் இருந்து கூப்பிட்டு, "மேடம், அந்த கிட்ஸ்வேர் வேகன்சிக்கு அப்ளை பண்ணீங்கல்ல?" என்று கேட்டபோது எந்த வேகன்சி என்றே எனக்கு ஞாபகம் வரவில்லை. தடுமாறினேன். அவர் மரியாதையாகப் பேசி வைத்துவிட்டார், பிறகு கூப்பிடவில்லை.

பகல் பொழுது வேறு மாதிரி போனது. பெண்கள் வேலை இழந்தால் வீட்டில் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வேலை இல்லை என்று யாரும் நினைப்பதில்லை, வீட்டில் இருக்கிறாள் என்றுதான் நினைக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது, ரேஷன் கடையில் கைரேகை வைப்பது, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய் நிற்பது, பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்து ஸ்கூலில் இருந்து கூட்டிவருவது. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. சும்மா இருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியில் நானே இழுத்துப் போட்டுக்கொண்டும் செய்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, பையர்களுக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கும் ஒரு பையிங் ஆபீஸில் இருந்து வந்த போன் மிஸ்டு கால் ஆனது. சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டால், "லிஸ்ட் மத்தியானமே அனுப்பிட்டோம்ங்க" என்றார்கள். அன்று ராத்திரி சமையல் கட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் மாமியாரிடம் போய்ப் பேசினேன்.

"அத்தை, காலையில ஒம்பதரைல இருந்து பன்னெண்டரை வரைக்கும் நான் வேலைக்குப் போயிட்டேன்னு நெனச்சுக்குங்க."

"கேஸ்காரன் வந்தா?"

"நீங்களே வாங்கி வெச்சிருங்க அத்தை. பணத்தை ஃப்ரிட்ஜ் மேல வெச்சிடறேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "செரி அம்மணி. பன்னெண்டரைக்கு மேல எங்கூட உக்காந்து சோறு திங்கோணும். அந்தப் போனை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிரக் கூடாது."

அந்த நிபந்தனையில் இருந்த அன்பு அன்று எனக்குப் புரியவில்லை. நான் சரியாகச் சாப்பிடாததை அவர் மட்டும்தான் கவனித்திருக்கிறார்.

வீட்டுக்குள்ளேயே மூன்று மணி நேரம் என்பது நாலு நாள்கூட நடக்கவில்லை. அதனால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டர், நடந்தே போவேன். அங்கே ஜூலையில் குரூப் 4 எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பிள்ளைகள் ஒரு மேசை நிறைய இருந்தார்கள். அந்த ரிசல்ட் அடுத்த மார்ச்சில்தான் வந்தது. அத்தனை மாதமும் வரும், வராது என்று பேசிக்கொண்டே அடுத்த பரீட்சைக்குப் படித்தார்கள். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு, பதினொரு மணிக்கு டீ குடிக்கப் போகும்போதுதான் எடுப்பார்கள். நானும் அப்படியே செய்தேன், ரிங்கை மட்டும் வைப்ரேஷனில் விட்டுவிட்டு. வேலை தேடுகிறவர் போனை அணைத்து வைக்க முடியாது, ஆனால் கையில் வைத்துக்கொண்டு இருக்கவும் தேவையில்லை.

நோட்டு அந்த மேசையில் ஆரம்பித்ததுதான்.

மெர்ச்சன்டைசர்களுக்கு டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) ஷீட்தான் எல்லாம். ஒரு ஆர்டர் கையில் வந்ததும் ஷிப்மென்ட் தேதியை எழுதி, அதில் இருந்து பின்னோக்கி எண்ணுவோம். இன்ஸ்பெக்ஷன் என்றைக்கு, தையல் என்றைக்கு முடியணும், கட்டிங், துணி உள்ளே வரும் தேதி, பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல், அதற்கு முன்னால் அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள், நிறம் பார்க்கும் லேப் டிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு பொறுப்பாளர். இதை வைத்து மற்றவர்களுடைய ஆர்டரை ஒன்பது வருடம் ஓட்டியிருக்கிறேன். என் விஷயத்துக்கும் ஒரு ஷீட் போடலாம் என்று நோட்டைத் திறந்தால், முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேன். ஷிப்மென்ட் தேதி இல்லை. எனக்கு வேலை கிடைக்கும் தேதியை நான் எழுத முடியாது. "ஜனவரி 1க்குள் வேலை" என்று எழுதினால் ஜனவரி 2 அன்று நான் உடைந்துபோவேன்.

இரண்டு நாள் யோசித்த பிறகு, கம்பெனியில் நாங்கள் சொல்லும் ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. அப்ரூவல் பையர் கையில், அனுப்புவது நம் கையில். சாம்பிளைச் சொன்ன தேதியில் கூரியரில் போட்டுவிட்டால் மெர்ச்சன்டைசர் அன்றைய வேலையை முடித்தாகிவிட்டது. பையர் பத்து நாள் பதில் போடாமல் இருக்கலாம், அது அவர்கள் தேதி. அதனால் என் பக்கத்துத் தேதிகளை மட்டும் எழுதினேன். எத்தனை வேலை கிடைத்தது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, சொன்ன நாளில் எத்தனை அனுப்பினேன் என்று எண்ணினேன். இந்த ஏழு மாதத்தில் என்னைக் காப்பாற்றிய ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு ஏழு கட்டம். தேதி, கம்பெனி, யார் மூலம், எந்த ரெஸ்யூம், அடுத்து எப்போது கூப்பிட வேண்டும், என்ன ஆச்சு, கமெண்ட்ஸ். வாரத்துக்குப் புதிதாக ஐந்து, பழையதில் ஐந்து பேருக்கு ஃபாலோ அப். அனுப்பிய நாலாம் நாள் ஒரு போன், பத்து நாள் கழித்து இன்னொன்று. அதற்கு மேல் கூப்பிடுவதில்லை, அந்த வரியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்துவிடுவேன். அந்தக் கோடு எவ்வளவு நிம்மதி என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. முன்பெல்லாம் பதில் வராத இருபது கம்பெனியும் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடும். இப்போது அவை நோட்டில் முடிந்துபோயிருக்கும்.

எக்செல் தெரிந்த எனக்கு எதற்கு நோட்டு என்று தோழி கேட்டாள். எங்கள் ஆறு பேரில் அவளும் ஒருத்தி. லேப்டாப் கம்பெனியுடையது, அன்றே வாங்கிக்கொண்டார்கள். போனில் ஷீட் திறந்தால் பக்கத்திலேயே வாட்ஸ்அப் இருக்கும். அதனால் நோட்டு. அவளும் ஒன்று வாங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் போன் போட்டு அந்த வாரத்து வரிகளைப் படித்துக்காட்டுவோம். ஆறுதல் வார்த்தை ஒன்றும் பேசமாட்டோம். "ஐந்துல மூணுதான் அனுப்பினேன்", "சரி, ஏன்?" அவ்வளவுதான். இன்னொருவர் கேட்பார் என்பதற்காகவே வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு போன் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

ஜனவரி மூன்றாவது வெள்ளிக்கிழமை "யார் மூலம்" என்ற கட்டத்தை எண்ணிப் பார்த்தோம். நெட்டில் பார்த்து அனுப்பியது 38, அதில் இன்டர்வியூ இரண்டு. ஆள் மூலமாகப் போனது 7, அதில் இன்டர்வியூ மூன்று. எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்றைக்கே பின்பக்கத்தில் நாற்பது பெயர் எழுதினேன். பழைய ஜி.எம். போன்றவர்களை மட்டும் எழுதவில்லை. கட்டிங் மாஸ்டர், டையிங்கில் லேப் டிப் பார்ப்பவர், பிரின்டிங் யூனிட், எம்பிராய்டரி, பாலிபேக் சப்ளையர், லேபிள் போடுகிறவர், பையிங் ஆபீஸில் தரம் பார்க்கும் க்யூ.சி. வேலை செய்யும் ஊரில் யாருக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று முதலில் தெரிவது இவர்களுக்குத்தான். புது பையர் வந்தால் புது லேபிள் அடிக்க வேண்டும். ஹெச்.ஆர். விளம்பரம் போடுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே லேபிள்காரருக்கு விஷயம் தெரிந்திருக்கும். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் இப்படி ஒரு இடம் கட்டாயம் இருக்கும். அந்தக் கம்பெனிக்குச் சரக்கோ சேவையோ கொடுக்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்கும் விதத்தையும் மாற்றினேன். "எனக்கு ஒரு வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்று கேட்டால் பாவம், அவர்களுக்கே சங்கடம். கையில் வேலை இல்லாதவர் என்ன சொல்வார்? "பாக்கறேன் அம்மணி" என்று வைத்துவிடுவார். அதற்குப் பதிலாக, "அண்ணா, இப்ப எந்தக் கம்பெனில புதுசா ஆர்டர் ஓடுதுங்க? அங்க மெர்ச்சன்டைசிங்ல யாரைப் பாக்கலாம்?" என்று கேட்டேன். இதற்கு எல்லாருக்கும் பதில் தெரியும். ஐந்து நிமிஷம் பேசினார்கள். சிலர் அவர்களாகவே போன் நம்பர் கொடுத்தார்கள்.

ரெஸ்யூமை லேப் டிப் மாதிரி நடத்தினேன். பையர் ஒரு நிறம் கேட்டால் டையிங்கில் ஏ, பி, சி என்று மூன்று துண்டு சாயம் போட்டு அனுப்புவோம். மூன்றும் ரிஜெக்ட் ஆகி, "கொஞ்சம் சிவப்பு கூட்டு, மஞ்சள் குறை" என்று கமெண்ட் வரும். யாரும் அழுவதில்லை, மறுபடி போடுவோம். என் பழைய ரெஸ்யூமில் முதல் பத்தி முழுக்க "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக்கூடியவர்" என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு எண்களைப் போட்டேன்: ஒரு சீசனில் எத்தனை ஸ்டைல், எத்தனை பீஸ், எந்த நாட்டு பையர், எத்தனை ஷிப்மென்ட் சொன்ன தேதியில் போனது, தாமதமாகி விமானத்தில் அனுப்ப வேண்டிய நிலையைத் தவிர்த்தது எத்தனை. கிட்ஸ்வேருக்கு ஒன்று, மென்ஸ் பேசிக்குக்கு ஒன்று, பையிங் ஆபீஸுக்கு ஒன்று என்று மூன்று விதம். எதற்கு போன் வருகிறது என்று நோட்டு சொல்லிவிடும். கிட்ஸ்வேர் ரெஸ்யூமுக்குத்தான் அதிகம் வந்தது. ஃபைலுக்கு என் பெயரும் வேலையின் பெயரும் வைத்தேன். வாட்ஸ்அப்பில் "ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று போனால் அந்தப் பக்கம் இருப்பவர் எப்படித் தேடி எடுப்பார்?

ரிஜெக்ட் செய்கிறவர்கள் பையர் மாதிரி கமெண்ட் எழுதி அனுப்புவதில்லை. நாமாகக் கேட்டால்தான் உண்டு. "அடுத்த இன்டர்வியூக்கு நான் எதைச் சரி பண்ணிக்கணும்ங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். பாதிப் பேர் நழுவினார்கள். ஒரு மேடம் மட்டும் நேராகச் சொன்னார்: "நீங்க எல்லாத்துக்கும் 'நாங்க பண்ணினோம்'னு சொல்றீங்க. நீங்க என்ன பண்ணினீங்கன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியலை." இன்னொரு இடத்தில் வெள்ளைப் பேப்பரைக் கொடுத்து ஒரு ரவுண்ட் நெக் டி ஷர்ட்டுக்குத் துணி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். ஒன்பது வருடமாக ஷீட்டில் ஃபார்முலா இருந்தது, நான் எண் மட்டும் அடித்து வந்திருக்கிறேன். அங்கே கை ஓடவில்லை.

அன்றில் இருந்து நூலகத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலை ஒரு காஸ்டிங், அதாவது ஒரு துணிக்கு ஆகும் கணக்கு. பாடி நீளம் 72 சென்டிமீட்டர், கை 22, மடிப்புக்கு 10, மொத்தம் 104. அரை மார்பு 54, தையலுக்கு 4, மொத்தம் 58. பெருக்கி, முன் பின் இரண்டுக்கும் இரண்டால் பெருக்கினால் 12,064 சதுர சென்டிமீட்டர். 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணி என்றால் 193 கிராம். பத்து சதவீதம் வேஸ்டேஜ் சேர்த்தால் 212 கிராம், டஜனுக்கு இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல். தினம் ஒரு கார்மென்ட், பதினைந்து நிமிஷம். இன்டர்வியூவுக்கு உதவியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பதினைந்து நிமிஷம் நான் மெர்ச்சன்டைசராக இருந்தேன். வேலை இல்லாதவளாக இல்லை. அந்த உணர்வு அன்றைய போன்களில் குரலிலேயே தெரிந்தது.

பணம் பற்றிச் சொல்லாமல் மனசை மட்டும் பேசுவது சரியல்ல. கணவர் நிட்டிங்கில் சூப்பர்வைசர். அந்த மாதங்களில் அவருக்கும் வாரம் நாலு நாள்தான் மிஷின் ஓடியது. டிசம்பரிலேயே இருவரும் உட்கார்ந்து எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று எழுதினோம். மகளின் ஸ்கூலில் நேரில் போய் உண்மையைச் சொல்லி ஃபீஸை மூன்று தவணையாகக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பவுன் செயினைத் தெருமுனை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாமல் பேங்கில் வைத்தோம், வட்டியில் நல்ல வித்தியாசம் இருந்தது.

எல்லாரும் சொன்னது, "பி.எஃப்.ஐ எடுத்துரு." அப்போதைய விதிப்படி வேலை போய் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதம் எடுக்கலாம், இரண்டு மாதம் ஆனால் முழுவதும். இப்போது என்ன விதி என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கப் போனபோது இரண்டு சிக்கல். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பி.எஃப். கணக்கில் இனிஷியல் மட்டும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும், வேலையில் இருக்கும்போதே சரி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, நான் விலகிய தேதியைக் கம்பெனி ஏற்றவே இல்லை. இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். போர்ட்டலில் நாமே அதைப் பதிவு செய்யலாம் என்று தெரிந்து நானே செய்தேன். பணத்தை எடுக்கவில்லை. எனக்கு எட்டு வருட சர்வீஸ் சேர்ந்திருந்தது. பத்து வருடம் ஆனால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். அவசரத்தில் கணக்கை முடித்து பென்ஷன் பணத்தையும் வாங்கியிருந்தால் அந்த எட்டு வருடமும் கணக்கில் இல்லாமல் போயிருக்கும். கடைசிக் கையிருப்பாக அது இருக்கிறது என்ற தைரியமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிப்ரவரியில் உள்நாட்டு பனியன் யூனிட் ஒன்றில் வாரம் மூன்று மத்தியானம் பில், டாக்குமென்ட் பார்க்கும் வேலை கிடைத்தது, மாதம் ஆறாயிரம். பால், காய்கறிக்கு ஆனது. ரெஸ்யூமில் நவம்பருக்குப் பிறகு வெறுமையாக இல்லாமல் ஒரு வரி சேர்ந்தது.

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்கும் இரண்டு தடவை போனேன். கட்டணம் கிடையாது. அங்கே வேலை கிடைத்தாலும் எம்ப்ளாய்மென்ட் பதிவு ரத்தாகாது. என் அனுபவத்துக்கு அங்கே பெரிதாக ஒன்றும் அமையவில்லை, ஆனால் புதிதாகப் படித்து வந்த பிள்ளைகள் அன்றைக்கே ஆர்டரோடு போனதைப் பார்த்தேன். பணம் கட்டினால் வேலை என்று கேட்கிறவர்களிடமும், டெலிகிராமில் லைக் போட்டால் தினம் இரண்டாயிரம் என்கிறவர்களிடமும் போகாதீர்கள். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி அதில் நாற்பதாயிரம் இழந்தாள். உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்குக் கூப்பிட்டிருந்தால் கொஞ்சமாவது தடுத்திருக்கலாம். நாலு நாள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

பொங்கலுக்கும் கல்யாணங்களுக்கும் போவது கஷ்டமாக இருந்தது. "ஏம்மா, இன்னுமா வேலை கிடைக்கலை?" என்ற கேள்வி. முதலில் பேச்சை மாற்றுவேன், வீட்டுக்கு வந்து புழுங்குவேன். பிறகு ஒரே பதிலை மனப்பாடமாக வைத்துக்கொண்டேன்: "தேடிட்டுத்தான் இருக்கேனுங்க. கிட்ஸ்வேர் பண்ற கம்பெனில உங்களுக்கு யாரையாச்சும் தெரியுங்களா?" கேட்டவர்களில் பலர் அங்கேயே ஃபோனை எடுத்துத் தேடினார்கள். அவர்கள் குத்திக் காட்டத்தான் கேட்கிறார்கள் என்று நான் நினைத்தது பெரும்பாலும் தப்பு.

மார்ச்சில்தான் நான் விழுந்தேன். ஒரு கம்பெனியில் மூன்று சுற்று முடிந்து, நாலு ஸ்டைலுக்குக் காஸ்டிங் செய்து கொடுத்து, சம்பளம் பேசி, "ஒண்ணாம் தேதி வந்துருங்க, லெட்டர் மெயில்ல வரும்" என்றார்கள். வீட்டில் கேசரி செய்தோம். நோட்டை மூடி வைத்தேன். லெட்டர் வரவில்லை. இரண்டரை வாரம் கழித்து, "மேனேஜ்மென்ட் ஹோல்டுல வெச்சிருக்காங்க" என்று ஒரு வரி. அந்த இரண்டரை வாரத்தில் நான் ஒரு இடத்துக்கும் அனுப்பவில்லை, ஒருவரையும் கூப்பிடவில்லை. அதனால் கையில் வேறு ஒன்றுமே இல்லை. பி.ஓ., அதாவது பையரின் எழுத்து உறுதி, வராத ஆர்டருக்கு யாரும் நூல் வாங்க மாட்டோம், இது எனக்குத் தெரிந்த பாடம். லெட்டர் கையில் வரும் வரைக்கும் வாரத்துக்கு ஐந்து என்பதை நிறுத்தக் கூடாது.

எட்டு நாள் நூலகத்துக்குப் போகவில்லை. குளிப்பதே பதினொரு மணிக்கு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்ற ஊரைப் பற்றிப் பின்னால் படித்தேன். அங்கே இருந்த ஒரே ஜவுளி மில் 1930 வாக்கில் மூடிவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தபோது ஜனங்களுக்கு நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலையே தலைக்கு மேல் இருந்த பெண்கள்கூட மறுபடி மில்லுக்குப் போனால் போதும் என்றார்கள், சம்பளத்துக்காக மட்டும் இல்லை. அதைப் படித்தபோது என் மார்ச் மாதத்தையே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. நான் சோம்பேறி ஆகவில்லை, நாளைத் தாங்கிப் பிடித்த தூண் போனால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

ஒன்பதாம் நாள் மகள் ஷூ போட்டுக்கொண்டே, "அம்மா, நீ லைப்ரரிக்குப் போறதில்லையா இப்ப?" என்று கேட்டாள். போனேன். ஆனால் பழைய கணக்கோடு போகவில்லை. சின்ன நாள் என்று ஒன்று வைத்துக்கொண்டேன். நடந்து போவது, ஒரு காஸ்டிங், ஒரு போன். அவ்வளவு செய்தால் அந்த நாளுக்கு டிக். வாரத்துக்கு ஐந்தை எட்டும் நிலைக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆனது. தோழி ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கோபப்படவில்லை. "டிக் எத்தனை?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரலில் ஒரு வேலை வந்தது. சம்பளம் பழையதை விட அதிகம், ஆனால் பாதி கையில் ரொக்கமாக, பி.எஃப். கிடையாது. ஆறாவது மாதத்தில் அதை வேண்டாம் என்று சொல்வது எளிதாக இல்லை. இரண்டு ராத்திரி பேசினோம். "பத்து வருஷத்துக்கு ரெண்டுதான் பாக்கி, விடாத" என்று சொன்னது கணவர்தான்.

மே மாதம் லேபிள் போடும் அண்ணன் கூப்பிட்டார். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனி குழந்தைகள் துணிக்குப் புது லேபிள் புக் செய்திருக்கிறது, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக. அன்று மத்தியானமே கிட்ஸ்வேர் ரெஸ்யூம் போனது. அந்த இன்டர்வியூ எனக்கு 11வது. அந்தப் பதினொன்றில் எட்டு ஆள் மூலமாக வந்தவை. வெள்ளைப் பேப்பர் கொடுத்து ஒரு ரோம்பருக்கு (குழந்தைகளின் ஒரே துண்டு உடை) எவ்வளவு துணி என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ஏன் இவ்வளவு நாள் இடைவெளி என்று கேட்டதற்கு, ஆர்டர் குறைந்து ஆறு பேரை வேலையில் இருந்து நிறுத்தினார்கள், அதில் நான் ஒருத்தி என்று சொன்னேன். அவர்களும் அந்த வருடத்தைப் பார்த்தவர்கள்தானே, தலையை மட்டும் ஆட்டினார்கள். சம்பளம் பழையதை விட இரண்டாயிரம் குறைவு. ஆறு மாதத்தில் பார்க்கிறோம் என்றதை லெட்டரில் ஒரு வரியாகப் போடச் சொன்னேன். போட்டார்கள். முதல் மாதத்தில் இருந்தே பி.எஃப்.

சேருவதற்கு முந்தின நாள், பின்பக்கத்தில் எழுதியிருந்த நாற்பது பேருக்கும் நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினேன். லேபிள் அண்ணனை மட்டும் நேரில் போய்ப் பார்த்தேன். அன்றும் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து அத்தையோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எங்கள் ஆறு பேரில் தோழிக்குத்தான் கடைசியாக, ஆகஸ்டில் கிடைத்தது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான் கம்பெனியில் இருப்பேன், பேச முடியாது. அதனால் நேரத்தை ஏழுக்கு மாற்றினோம். பஸ்ஸில் வரும்போது அவள் அந்த வாரத்து வரிகளைப் படிப்பாள். காதில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டே வருவேன்.